செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே

ஒரு மின்விசிறி போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், ஐயா. சலவைக் கூடத்துக்கு மேற்பார்வையாளனாக வந்த புதிதில் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ரோலர் இருக்கும் பக்கம் பெரிய மின்விசிறி ஒன்றை மாட்ட வைத்தேன். அடுத்த நாளே வேலை பிய்த்துக்கொண்டு போனது. ஆட்கள் முகத்தில் களை வந்தது. மாதம் திரும்புவதற்குள் அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அது நின்றுபோன நாளில் மட்டும் என்னைத் திட்டினார்கள்.

நீங்களும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்தான். அதனால் உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஒரு ஆள் ஏன் மனசு வைத்து வேலை செய்கிறான், இன்னொருவன் ஏன் கடனே என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறான் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததெல்லாம் அந்த யோசனையிலிருந்து வந்ததுதான். எனக்கு யார் மீதும் கோபமோ பகையோ கிடையாது.

எங்களுடையது பெரிய கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையுமாக வண்டி வண்டியாக வந்து இறங்கும். இந்தக் கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் டிரையர்கள், அந்தக் கோடியில் ரோலர். வீட்டு டிரையர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். எங்கள் டிரையருக்குள் ஒரு ஆள் குனிந்து நுழைந்து சம்மணம் போட்டு உட்காரலாம். ரோலர் என்பது படுக்கைவசமாகச் சுழலும் கொதிக்கிற உருளை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஈர விரிப்பை ஊட்டினால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வந்து விழும்.

மின்விசிறிக்குப் பிறகு உட்கார ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். அதில் யார் உட்காருவது என்று சண்டை வந்தது. ரேடியோ வைத்தேன். எந்தப் பாட்டு என்று அதைவிடப் பெரிய சண்டை வந்தது. மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒருவர் படத்தைச் சுவரில் ஒட்டினோம். ரோலரில் நிற்கும் பெரியக்காவின் படத்துக்கு மீசை வரைந்தார்கள். அடுத்த மாதம் ஒட்டகத்தின் படத்துக்குக் கம்மல் மாட்டினார்கள். ஒட்டகம் என்பது நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். கழுத்து நீளம். கம்மல் தனக்கு எடுப்பாக இருப்பதாக அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துவிட்டு அவரவர் பாட்டுக்கு லீவு போட்டார்கள், வேறு இடம் கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள்.

டீ அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுவரோரம் ஒரு தட்டு, அதில் ஆளுக்கு ஒரு டம்ளர். ஒருவர் டம்ளரில் இன்னொருவர் குடிக்கமாட்டார்கள். ஒருமுறை எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. திரும்பி வந்தபோது என் டம்ளரை சோப்புத் தூள் அள்ள வைத்திருந்தார்கள். "அண்ணே, நீங்க வர நாளாகும்னு நெனச்சோம்" என்று குருவி சிரித்தாள். குருவி டிரையரைப் பார்த்துக்கொள்கிறவள். ஆளும் சின்னது, நடையும் அப்படித்தான், ஓரிடத்தில் நிற்காது. நானும் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவினேன். ரொம்ப நாளைக்கு அதில் சோப்பு வாடை இருந்தது.

பெரியக்காவுக்கு நடந்தது என் வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரல் பட்டால் ரோலர் தானாக நிற்பதற்கு முன்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அது அன்று இறுகிப்போயிருந்தது. விரிப்பின் மடிப்பை நீவிவிடப் போன கை, விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. மணிக்கட்டைத் தாண்டிய பிறகுதான் நிறுத்த முடிந்தது. ரோலரை நிறுத்தலாம், சூட்டை உடனே நிறுத்த முடியாது. மெக்கானிக் வந்து திருகுகளைத் தளர்த்தி உருளையைத் தூக்கும்வரை அவர் கை அங்கேயே இருந்தது. முதலில் அலறினார். பிறகு மறு கையால் என்னை இறுகப் பிடித்துக்கொண்டு என் தோளைக் கடித்தார். நான் அவரைப் பக்கத்தில் நின்று தாங்கிக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்க வந்த வாடையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அடுத்த நாள் நான் கண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எல்லோரும் நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டார்கள். பெரியக்காவின் இடத்தில் யார் நிற்பது என்று நான் கேட்பதற்கு முன்பே முறை போட்டுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையில்லாமல் இருந்த ஒட்டகமும் குருவியும் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து நின்றார்கள். தினமும் காலையில் யாராவது பெரியக்காவின் டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார்கள். குடிக்க ஆள் இல்லாத டம்ளர். ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. அவர் திரும்பி வரும்வரை யாரும் லீவு போடவில்லை, வேலையை விட்டு நிற்கவில்லை, மூட்டை ஒன்றுகூடத் தேங்கவில்லை.

"இப்ப என்னண்ணே பண்றது, நீங்க சொல்லுங்க" என்று எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நான் உள்ளே நுழைந்தால் சுற்றி நின்றுகொள்வார்கள். எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா, கேட்டாரா எங்களை. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா மந்திரம் போட்ட" என்று முதுகில் தட்டினார்.

பெரியக்கா மிச்சமிருந்த விரல்களோடு திரும்பி வந்தார். அவரை மடிப்பு மேசைக்கு மாற்றினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு, மின்விசிறிக்கு ஆன கதைதான். மெல்ல மெல்லப் பழைய முகங்கள் திரும்பி வந்தன. ஸ்டூலுக்குச் சண்டை, முணுமுணுப்பு, திங்கட்கிழமைத் தலைவலி. விருந்தாளி கிளம்பிப் போன வீடு மாதிரி இருந்தது எனக்கு.

மூட்டை இறக்குகிற ஒருத்தன் இருந்தான், சிடுமூஞ்சி. அவன் காலில் தள்ளுவண்டி ஏறி நகம் பிய்ந்தது. நான் ஆவலோடு பார்த்தேன். "ஒழியட்டும், நாலு நாள் நிம்மதி" என்றார்கள். அவன் டம்ளரை யாரும் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிடிக்காதவனுக்கு அடிபட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால்தான் ஒட்டகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது. எனக்கும் அவனை ரொம்பப் பிடிக்கும். நீராவிக் குழாயில் ஒரு இணைப்பு உண்டு. தினமும் காலையில் அவன் அதன்மேல் காதை வைத்துக் கசிகிறதா என்று கேட்பான். அளவுகாட்டி இருந்தாலும் காதைத்தான் நம்புவான். அவன் வருவதற்கு முன்னால் நான் அந்த மரையைத் தளர்த்தி வைத்தேன், அவன் காது போகிற பக்கமாக. அவ்வளவுதான் செய்தேன். நீராவி கண்ணுக்குத் தெரியாது, ஐயா. வெளியே வந்து ஆறிய பிறகுதான் வெள்ளையாகத் தெரியும். அவன் முகத்தில் பட்டபோது ஒன்றுமே தெரியவில்லை, சீறல் மட்டும் கேட்டது. சட்டையைக் கழற்றியபோது கழுத்துப் பட்டையோடு தோலும் சேர்ந்து வந்தது. இடது கண் வெந்து வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, கம்மல் போடக் காது மிச்சம் இருக்கா" என்று கேட்டான். நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன்.

கூடம் மறுபடியும் ஒரே குடும்பமாகிவிட்டது. முன்னைவிட அதிகமாக. ஒட்டகத்தின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்கள், முறை போட்டார்கள், என்னைச் சுற்றி நின்றார்கள். ஆனால் இந்தத் தடவை அவர்கள் கண்ணில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும், மேற்பார்வையாளன் இல்லையா.

என் மச்சினனைப் பற்றிச் சொல்கிறேன். மனைவியின் தம்பி. அப்பா இல்லாத பையன், அவள்தான் தூக்கி வளர்த்தாள். நான்தான் அவனைக் கூடத்தில் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரன். வந்த வேகத்திலேயே எல்லா இயந்திரமும் அவனுக்கு அத்துப்படி. ஆட்களும் அவனிடம் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு குறைதான். செருப்பைக் கழற்றினால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வீட்டிலும் அப்படித்தான், கூடத்திலும் அப்படித்தான். எனக்கு அது ஆகாது. வாசல் பக்கத்துச் செருப்புத் தட்டில் யாருடையது தாறுமாறாகக் கிடந்தாலும் எடுத்து, குதிகால் சுவரோடு ஒட்டி, முனை வெளியே பார்க்க ஜோடியாக வைப்பேன். போகும்போது காலை நுழைத்தால் போதும். கூடத்தில் அப்படி வைக்கிறவன் நான் ஒருவன்தான். அதற்காகக் கேலியும் செய்வார்கள்.

ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தான்.

"மாமா, நான் வேலைய விடப்போறேன். புதுசா ஒரு லாண்டரி தெறக்குறாங்க. பாதிப் பேர் எங்கூட வர்றாங்க. குருவிக்கா, ஒட்டகம்கூட. ஒத்தக் கண்ணா இருந்தாலும் பரவால்லன்னு சொல்லிட்டாங்க."

"இங்க என்ன கொறச்சல் மாப்ளே" என்று கேட்டேன்.

"அடி ஜாஸ்தியா படுது மாமா. எல்லாரும் பயந்து போயிருக்காங்க. காலைல உள்ள வரவே காலு வரமாட்டேங்குதுன்னு குருவிக்கா அழுவுது."

"அப்ப மாமாவையும் கூட்டிட்டுப் போடா" என்றாள் என் மனைவி, சிரித்துக்கொண்டே.

அவன் தண்ணீர் குடித்தான். "கேட்டேன்க்கா. எங்கூட வர்றவங்கதான் வேணாம்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்க பக்கத்துல நின்னாலே ஏதாவது ஆயிரும்போல இருக்குன்னு பேசிக்கிறாங்க. சும்மா, ஒரு பேச்சுக்கு."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். பாதிப் பேர் போனால் கூடத்தை மூடிவிடுவார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. மிச்சப் பேரின் பிழைப்பு என்னாவது. யாராவது ஒருவர் அவர்களைக் கட்டி நிறுத்தியாக வேண்டும் என்று தோன்றியது. எல்லோருக்கும் பிடித்தவராக.

டிரையரில் ஒரு வழக்கம் உண்டு. நீள விரிப்புகள் உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். யாராவது உள்ளே நுழைந்து பிரித்தால்தான் வெளியே வரும். கதவைத் திறந்தால் இயந்திரம் ஓடாமல் தடுக்க ஒரு விசை இருந்தது. அது இயந்திரத்தைச் சும்மா சும்மா நிறுத்தித் தொல்லை கொடுத்ததால் எப்போதோ கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஆட்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சுத்தமான துணிமேல் செருப்போடு ஏற முடியாது அல்லவா. உள்ளே போகிறவர் செருப்பைப் பொத்தான் பலகைக்குக் கீழே கழற்றிப்போட்டுவிட்டுப் போவார். பலகை இயந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே நின்றால் டிரையரின் வாய் தெரியாது. அதனால் பொத்தானை அமுக்குகிறவர் முதலில் கீழே குனிந்து பார்ப்பார். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. எழுதி வைக்காத சட்டம் அது, ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அன்று மச்சினன் உள்ளே நுழைந்ததை நான் பார்த்தேன். செருப்பு வழக்கம்போல ஒன்று பலகைக்குக் கீழே, இன்னொன்று கொஞ்சம் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வாசல் தட்டில் வைத்தேன். திரும்பி வந்தபோது குருவி துண்டு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, டிரையர் ஏன் சும்மா நிக்குது" என்று கேட்டேன்.

அவள் மூட்டையை இறக்கிவிட்டு வந்தாள். கீழே குனிந்து பார்த்தாள். அவள் குனிந்து பார்த்ததை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும், அந்தப் பெண்மேல் ஒரு பிசகும் இல்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரே ஒரு சுற்று என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கையோ காலோ முறிந்தால் போதும். நான் வாய்ப் பக்கமாக மூலையில் நின்றேன், பலகையின் சிவப்புப் பொத்தான் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே அவன் விழுந்து எழும்புகிற சத்தம், ஈர மூட்டை விழுகிற சத்தம் மாதிரியேதான் இருந்தது. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் "மாமா" என்று கூப்பிட்டான். நான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, டிரம்மின் வாய் வழியாக என்னைப் பார்த்திருப்பான். பிறகும் கூப்பிட்டான், அந்தத் தடவை வாயில் பல் இல்லாதவன் பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மூட்டைச் சத்தம் மட்டும். வெள்ளை விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறின. சூடான காற்று அந்த நிறத்தை அங்கேயே காய வைத்தது. விரிப்பில் காய்ந்த இரத்தம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது, எங்களுக்கு ஆஸ்பத்திரித் துணி பழக்கம்.

கடைசியில் நான்தான் நிறுத்தினேன். அவனை வெளியே எடுத்ததும் நான்தான். ஒரு விரிப்பு அவன் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது, அதை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. முகத்தை என் மனைவியிடம் காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு கூடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புது லாண்டரிப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. குருவி சுவரோரம் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டே இருந்தாள். "நான் பாத்தேனே, செருப்பு இல்லயே, நான் பாத்தேனே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பொத்தானை அமுக்கிய விரலைத் துணி அறுக்கும் கத்தியால் வெட்டப் போனவளை ஒட்டகம் பிடித்து நிறுத்தினான். அவளைத் தனியாக விடாமல் ஆள் மாற்றி ஆள் கூடவே இருந்தார்கள். வேலையும் நிற்கவில்லை. நான் மந்திரம் எதுவும் போடவில்லை, அவர்களுக்குள் இருந்ததைத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. இந்தத் தடவை என்னைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. செத்தவன் என் சொந்த மச்சினன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம் என் மனைவியிடம் போனார்கள், குருவியிடம் போனார்கள். நான் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியக்கா மட்டும் என்னிடம் வந்தார். அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உம் மச்சினன் செருப்ப தட்டுல பாத்தேன். சுவத்தோட ஒட்டி, முனை வெளிய பாத்து, ஜோடியா. அவன் என்னைக்காவது அப்படி வச்சிருக்கானா."

"இல்லக்கா."

"அப்ப யாரு வச்சது."

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, ஐயா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "நான்தான்க்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கை ரோலருக்குள் இருந்தபோது என்னைக் கடித்தாரே, அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார். "உன்னப் போயா நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், செருப்பை எடுத்தது நான். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தே குருவியைக் கூப்பிட்டது நான். அவன் கூப்பிட்டது கேட்டது, கேட்டும் நின்றேன். ஒட்டகத்தின் கண்ணும் என் கணக்குத்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். கூடத்துக்காகச் செய்தேன் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை.

ஒரே ஒரு உதவி. உங்கள் ஆட்கள் விசாரணைக்கு அங்கே போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள். நான் இங்கே வந்து நாளாகிவிட்டது. அலமாரியில் ஓரமாக, விளிம்பு நசுங்கிய டம்ளர் என்னுடையது. அதை யாராவது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவரச் சொல்லுங்கள்.